காரணம் என்ற கட்டம்

பவுன்தாய். வயது இருபத்தேழு. எழுமலைப் பக்கம்.
காய்ச்சல் நூற்று மூன்று புள்ளி நாலு.
இதுவரை இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.
பெரியாஸ்பத்திரியில் ராத்திரிப் பேனா
மெதுவாகத்தான் ஓடும்.

முதலில் போன இடத்தில்
புருஷன் கையெழுத்து கேட்டார்கள்.
அவன் நாக்பூரில் முறுக்குப் பிழிகிறான்.
போன் போட்டால்
எண்ணெய் இரைகிற சத்தம்தான் கேட்கும்.

அடுத்த இடத்தில் ஸ்கேன் கேட்டார்கள்.
எடுத்துக்கொண்டு போனாள்.
'பொட்டப்புள்ளைன்னு யாரு சொன்னா?' என்றார்கள்.
யாரும் சொல்லவில்லை என்றாள்.
உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி அப்படிச் சொன்னால்
யார் நம்புவது?

'அந்த மாத்திரை வைக்கிறதில்லக்கா,
கணக்கு காட்டணும்' என்றான்
மருந்துக்கடைப் பையன்.

சட்டம் வாரத்தில் எண்ணுகிறது.
அவள் ஷிப்டில் எண்ணினாள்:
கப்பலூர் மில் பஸ் நாலரைக்கு,
ஒரு நாள் லீவுக்கு ரெண்டு நாள் சம்பளம்.
இரண்டு கணக்கும் ஒரு இடத்தில் முட்டியபோது
வாரம் தாண்டியிருந்தது.

அப்புறம் ஒருத்தி.
பெயர் கிடையாது. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
என்ன செய்தாள் என்று கேட்டேன்.
பவுன்தாய் சுவரைப் பார்த்தாள்.

ரெண்டு மணிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
வராந்தாவில் மூத்தவள்,
ஏழாம் வகுப்புச் சீருடையோடு,
மடியில் தூங்குகிற தம்பி.
நாளையிலிருந்து அடுப்பு இவளுடையது.
யாரும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை,
ஆனால் பையைத் தலைக்கு வைத்துக்கொள்ளாமல்
தம்பிக்குக் கொடுத்திருந்தாள்.

கேஸ் ஷீட்டில் காரணம் என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
செப்சிஸ் என்று எழுதச் சொன்னார் டாக்டர்.
எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.

புருஷன் கையெழுத்து என்று
சட்டத்தில் ஒரு வரி இல்லை.
எனக்குத் தெரியும், டிரெய்னிங்கில் சொன்னார்கள்.
தெரிந்தும், சேடபட்டியில் இருந்த நாலு வருஷம்
நானும் கேட்டேன்.
எனக்கு முன்னால் இருந்தவள் கேட்டாள், நானும் கேட்டேன்.
பழகிவிட்டால் வாய்
தானாகவே கேட்கும்.

விடிகிற நேரம் கண் திறந்தாள்.
மொதல்ல எந்த ஆஸ்பத்திரியில் திருப்பி விட்டாங்க என்றேன்.
பதில் இல்லை.
என் மார்பில் குத்தியிருந்த பெயரை
எழுத்துக் கூட்டிப் படித்தாள்,
முழுசாக.

தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாத நேரம்.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
'இது எங்க மில்லுப் பஞ்சு இல்ல' என்றாள்.