கடைசித் தேதி

நான் நர்ஸ் இல்லை.
மூன்றாம் மாடியில், தூக்குப் பாலம் தெரியும் ஜன்னலோரம்
விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பது என் வேலை.
இது டுலூத்.
அக்கரை தெரியாத நீரை
ஏரி என்று சொல்லிப் பழகிய ஊர்.

ஜூலையில் சேரப் பன்னிரண்டு இடங்கள்,
புதிதாகப் படித்து வெளிவருபவர்களுக்கென்றே.
ஆள் தேடுவது அதற்கு முந்தைய அக்டோபரில்.
மரங்கள் இலை கொட்டும்போது கேட்கிறோம்,
கோடையில் யார் வருகிறீர்கள் என்று.
விசித்திரம்தான்.
நான் வகுத்த விதியில்லை.

டெல்ஃபின் போலியூவின் விண்ணப்பம்
முதல் நாளே வந்தது.
பட்டம்: மே மாதம் எதிர்பார்க்கப்படுகிறது.
உரிமம்: இனிமேல்தான்.
அனுபவம்: முதியோர் இல்லத்தில் இரவு உதவியாளர்,
இரண்டு வருடம், நாலு மாதம்.
பாதி வெறுமையாய் ஒரு தாள்.
அதில் கூச்சமே இல்லை.
இல்லாததை இல்லை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பா ந்யா வாங், நவம்பர் இரண்டு.
பரிந்துரைக் கடிதம் பின்னால் வரும்,
ஆசிரியைக்குக் காய்ச்சல் என்று ஒரு குறிப்பு.
மூன்று நாளில் வந்தது கடிதம்.

பதினான்காம் தேதி நள்ளிரவில்
கதவு தானாக மூடிக்கொள்ளும்.
கணினி யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

பிறகு பனி.
கப்பல்கள் நின்றுபோகும்.
என் தேநீர் ஆறும் வேகத்தில் பகல் முடியும்.
மார்ச்சில் ஒரு காலை, உடைந்த பனிக்கட்டிகளுக்கு நடுவே
முதல் கப்பல் சங்கு ஊதும்போது
பன்னிரண்டு பெயருக்கும்
அலமாரி எண் ஒதுக்கி முடித்திருப்பேன்.
அவர்களுக்குப் படிப்பு முடிய
இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.

மற்றவர்கள் ஜூன் நடுவில் வருவார்கள்.
நல்ல பிள்ளைகள். அதுதான் சங்கடம்.
படித்து முடி, தேர்வெழுது, உரிமம் வாங்கு,
அப்புறம் போய்க் கேள்:
ஒழுங்காக வளர்ந்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.
உலை கொதிக்கும் முன்னே
விருந்துக்கு அழைக்கத் தெரியாதவர்கள்.

ஓரின் கெஸ்தி நேரிலேயே வந்தான்.
பிளாஸ்டிக் உறைக்குள்
ஆறு நாள் வயதான உரிமம்.
போட்டிருந்த கோட்டு அவனுடையதல்ல,
கை நீளம் விரல் முட்டிவரை வந்தது.
தேதியைச் சொன்னேன்.

"நவம்பரில் நான் குழந்தைகள் வார்டையே
பார்த்ததில்லையே," என்றான்.
"எங்களுக்கு அது பிப்ரவரியில்தான் வந்தது."

எடுத்த பன்னிரண்டு பேரும் பார்த்ததில்லை என்றேன்.
பார்த்ததில்லை என்று எழுதித்தான் அனுப்பினார்கள்.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான்.
இரும்புத் தாது ஏற்ற வந்த கப்பலுக்காகப்
பாலம் மேலே போய்க்கொண்டிருந்தது.
"இதற்கு எவ்வளவு நேரமாகும்?"
பாலத்தைக் கேட்கிறான் என்று புரிய
எனக்கு ஒரு கணம் ஆனது.

ஜனவரியில் இன்னொரு குழு, எட்டே இடம்.
ஆகஸ்ட் மூன்றில் திறக்கும்.
அறிவிக்கும் முன் இதைச் சொல்லக்கூடாது என்று
விதி ஏதும் உண்டா, தெரியாது.
தேடிப் பார்க்கவும் இல்லை.

துண்டுச் சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.
சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து
மணிக்கட்டின் உட்புறம், நாடி பிடிக்கும் இடத்தில்
எழுதிக்கொண்டான்.
தாள் கிடைக்காத அவசரத்தில்
இரத்த அழுத்தம் குறிக்கும் நர்ஸுகளை
நடைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன்.
அதே கை. அதே வேகம்.

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்,
உள்ளே யாரோ தூங்குவதுபோல.

ஆகஸ்ட் மூன்று காலை
கோட்டைக் கழற்றும் முன்பே கணினியைத் திறந்தேன்.
நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் ஒன்று:
யாரோ ஒரு பெண்,
பட்டம் டிசம்பரில் எதிர்பார்க்கப்படுகிறது.
நாலாவது நிமிடத்தில் ஓரின் கெஸ்தி.

கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி:
குழந்தைகள் வார்டு பார்த்தாயிற்று.
இருதய வார்டு இன்னும் இல்லை.