உள்துணி

லியெபாயாவில் கடற்காற்றுதான்
எல்லோருடைய பொத்தானையும் முதலில் சோதிக்கும்.
அடுத்தது நான். டிராமில், டிக்கெட்.

புதன் மாலை, நூலகத்து அடித்தளம்.
விதி ஒன்றுதான்:
உன் கிழிசலை நீ தைக்கக் கூடாது.
குவியலில் கைவிட்டு எடுத்தது
யாருடையதோ,
எட்டு மணிவரை உன்னுடையது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் இல்மார்ஸ்
ஏதோ குழந்தையின் காலுறைக்குள் பல்பைச் செருகி
குதிகால் ஓட்டையில் இழையோட்டுகிறார்,
நாக்கு நுனி வெளியே தெரிய.
கத்தரிக்கோலுக்காகக் கத்துகிறாள் குந்தேகா,
போன வாரம் என் பாவாடைப் பட்டியைத்
தலைகீழாகத் தைத்தவள்.

எனக்குக் கிடைத்தது பச்சைக் கோட்டு.
வலது பையில் ஓட்டை. இரண்டு விரல் போகும்.
விட்டேன்.
உள்துணிக்குள், அடியோரத்தில்
மிட்டாய்த் தாள், பத்து சென்ட்,
நாலாய் மடிந்த டிக்கெட்.
நவம்பர் ஒன்பது, காலை ஏழு நாற்பது.

"வாங்கினேன், சத்தியமா வாங்கினேன்."
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்
தேடித் தேடி நின்றாள் ஒருத்தி.
டிராமே திரும்பிப் பார்த்தது.
"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று
அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஊசியில் நூல் கோக்க
ஐந்து முறை ஆயிற்று.
பைக்கு இரட்டைத் தையல் போட்டேன்,
எறும்பு நுழையாத நெருக்கத்தில்.
டிக்கெட்டை அதற்குள்ளேயே வைத்தேன்.
எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
எடுத்தேன்.

மேசையின் அந்த முனையில்
யார் சட்டைக்கோ பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவளிடம்
"இந்தக் கோட்டு உங்களுடையதா?" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.
என்னைத் தெரிந்துகொள்ள
அவளுக்கு ஒரு நிறுத்தம்கூட ஆகவில்லை.