பதினொன்று பத்து

அப்டேட் முடிந்தது என்று
சொல்லிவிட்டுத்தான் செத்தது.

கறுப்புத் திரை. மேல் மூலையில்
ஒரு வெள்ளைக் கோடு, சிமிட்டிச் சிமிட்டி.
வட்டைத் தேடுகிறேன். தேடுகிறேன். காணவில்லை.
மூன்றே வரி.
பிறகு ஒரு சின்னக் குறி,
இனி நீயே ஏதாவது சொல் என்பதுபோல.

இத்தனைக்கும் அது ஒரு மெஷினே இல்லை.
பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனி மாடியில்
அம்மோனியா வாடையில் ஓடும் நிஜப் பெட்டி ஒன்றுதான்.
அதற்குள்
தானும் ஒரு பெட்டி என்று நம்பிக்கொண்டிருக்கும்
விர்ச்சுவல் மெஷின்.
அதற்குள் நூற்றுப் பதினாலு படகின் பற்றுவரவு.

கீழே கம்ப்ரஸர் நின்றால்
முனியராஜ் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுவான், ஓடும்.
நான் எதைத் தட்ட?

ஹபீப் காக்கா கீழக்கரையிலிருந்து போனில்:
"ஜெனோவா, நாலு மணிக்கெல்லாம் ஐஸ் ஏத்த வந்துருவானுங்க.
என்னதாம்மா நடந்துச்சு?"
நடந்தது இன்னதென்று தெரிந்தால்
நான் ஏன் காக்கா விழித்திருக்கிறேன்.

முதலில் அணைத்துப் போட்டேன். எல்லாரும் செய்வதுதான்.
பழைய கெர்னலில் எழுப்பினேன்.
அதே கோடு, அதே சிமிட்டல்.
ஸ்நாப்ஷாட்டைத் தேடினேன்.
கடைசியாக எடுத்தது ஏப்ரலில், தடைக்காலத்துக்கு முந்தின நாள்.
அதற்குத் திரும்பினால்
ஜூனிலிருந்து யாரும் கடலுக்கே போகவில்லை என்றாகிவிடும்.
தொபியாஸ் அண்ணனுக்கு வேண்டுமானால் அதில் சந்தோஷம்:
நாற்பத்தோராயிரத்து இருநூறு.

இரண்டு மணி.
கச்சான் காற்று ஜன்னலின் தகரத்தை
விட்டு விட்டு அடித்தது.
அந்தச் சின்னக் குறியிடம் கேட்டேன்,
உனக்கு என்னதான் தெரிகிறது, பட்டியல் போடு.
போட்டது.
வட்டு இருந்தது!
முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், அங்கேயே இருந்தது.
பெயரில்தான் ஓர் எழுத்து வேறு.
அப்டேட் அதை வேறு வாசல் வழியாகச் செருகியிருக்கிறது,
வாசலுக்குத் தக்கபடி பெயரும் மாறியிருக்கிறது.
இது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு
வீட்டில் யாருமில்லை என்று முடிவுகட்டிவிட்டது.

கூப்பிடச் சொன்ன வரி யாருடையது?
மூன்று வருடம் முன்னால் நான் எழுதியது.
படகுக்குப் பதிவு எண்போல
வட்டுக்கும் மாறாத நீள எண் ஒன்று உண்டு.
முப்பத்தாறு எழுத்து. அன்றைக்குச் சோம்பல்.
பெயரே போதும் என்று விட்டிருக்கிறேன்.
திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காத இரவு.

நாலு மணிக்கு முதல் லாரி.
கீழே கத்தல், கொக்கி இழுபடும் சத்தம்,
ஐஸ் பார் சரிவில் இறங்கும் கரகரப்பு.
பில் வராது என்று சொல்லியாயிற்று.
முனியராஜ் ஐஸ் அறைக் கதவில்
சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தான்,
பதினெட்டு, இருபத்திரண்டு, பன்னிரண்டு,
படகுக்குப் படகு.
அவனவன் பக்கத்தில் நின்று சரிபார்த்தான்.
தொபியாஸ் அண்ணன் மட்டும் மாடிப்படியில் ஏறி வந்து
திரையை எட்டிப் பார்த்து
"மொத்தமா போச்சா?" என்றார்,
முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள
சிரமப்பட்டுக்கொண்டு.

முப்பத்தாறு எழுத்தையும் தட்டினேன்.
ஒன்பதாவதைத் தப்பாகத் தட்டி
மறுபடி முதலிலிருந்து.
எழுப்பினேன்.
வெள்ளைக் கோடு சிமிட்டியது. நின்றது.
பிறகு வரி வரியாக மளமளவென்று
அது தன்னைத்தானே ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது.
நாற்பத்தோராயிரத்து இருநூறும் வந்தது.
அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

என் போனில் நாலு நாற்பது.
குருசடைத் தீவுப் பக்கம்
படகு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.
மெஷினின் மூலையில் மணி பார்த்தேன்:
இரவு பதினொன்று பத்து. நேற்றைய தேதி.
அப்டேட் செய்யலாமா என்று அது கேட்டு
நான் கையை நீட்டிய அதே நிமிஷம்.
கெடிகாரத்தை லண்டனுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது,
அஞ்சரை மணி நேரம் பின்னால்.

திருத்த ஒரு வரி போதும்.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கீழிருந்து முனியராஜ்:
"அக்கா, சீக்கிரம் வந்து எழுதிக்க!
கதவு வேர்க்குது,
பாதிப் படகு அழிஞ்சு போச்சு."