கிளாட்சனுக்கு கரண்ட் போன இரவு

இந்தப் பேய்க்கு நம்ம மைக் கேட்கும்.
ஐந்து மாடி ஆஸ்பத்திரி, நான்கு டார்ச்,
எடுத்து வரவேண்டியது மூன்று கோப்பு.
யாராவது கத்தினால்
எக்ஸ்ரே அறையிலிருந்து
அது மெல்லத் தலையைத் திருப்பும்.

தமீமின் ஜன்னல் புதுப்பேட்டையைப் பார்த்துத் திறந்திருந்தது.
பதினொன்றேகாலுக்கு குல்ஃபி வண்டி.
டிங் டிங் என்றதும்
இரண்டாம் மாடியில் நடந்துகொண்டிருந்த பேய் நின்றது.
"மியூட் போடுடா, மியூட் போடு" என்று மூன்று பேரும் அலறினோம்,
அதுவும் சத்தம்தான் என்பதை மறந்து.
தமீம் செத்தான்.
செத்தவன் படியிறங்கிப் போய்
பிஸ்தா குல்ஃபி வாங்கி வந்து
எங்கள் காதுக்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
செத்தவர் சத்தம் பேய்க்குக் கேட்காதாம்.
எங்களுக்குக் கேட்டது.

வரைபடம் என் கையில்.
கோவிலம்பாக்கத்தில் தெருவிளக்கில்லாத சந்தில் தினமும் வண்டி ஓட்டுகிறவன்,
இங்கே முன்னால் போகச் சொன்னால் கால் வராது.
கிளாட்சன் முன்னால் போவான்.
பெரம்பூர்க்காரன், கதவை உதைத்துத்தான் திறப்பான்,
சாவி கையிலிருந்தாலும்.

வேதவல்லி கத்துவதே இல்லை.
முகப்பேரில் ஒற்றை அறை.
விடியற்காலை மூன்றரைக்கு
பால் வேன் எடுக்கவேண்டிய அப்பா
எட்டடி தள்ளிப் படுத்திருப்பார்.
போர்வைக்குள் லேப்டாப்,
மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு குரல்:
"வலது பக்கம். கதவு. இப்ப."
எட்டு வாரத்தில் ஒருமுறைகூடச் சாகாதவள்.
நாங்கள் அதைத் திறமை என்றே நினைத்திருந்தோம்.

அன்றைக்கு மூன்று கோப்பும் கிடைத்துவிட்டன.
லிஃப்ட் வாயைத் திறந்து காத்திருந்தது.
"டேய், அந்த ஸ்ட்ரெச்சர் பின்னால" என்றான் கிளாட்சன்.
அவ்வளவுதான்.
சுவரைப் பார்த்தபடி நின்றது அவன் உடம்பு,
டார்ச் எரிந்துகொண்டு.
போனில் வந்தது:
மொத்த தெருவும் அவுட். நீங்க கிளம்புங்க.

ஆள் போனாலும் பத்து நிமிடம்
உடம்பை வைத்திருக்கும் இந்த விளையாட்டு.
லிஃப்ட்டுக்கு இருபது அடி.
"போனா நாலாயிரம் பாயின்ட்" என்றான் தமீம்.
சொல்லிவிட்டு
கிளாட்சனுக்கு இடப்பக்கம் வந்து நின்றான்.
நான் வலப்பக்கம்.
பேட்டரி நாற்பது. முப்பத்தொன்று.
பெரம்பூரில் யாரோ ஒரு லைன்மேன்
கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.
பத்தொன்பது.

ஸ்ட்ரெச்சரின் பின்னாலிருந்து
அது எழுந்தது.
நானும் தமீமும் மூச்சை அடக்கினோம்.
கிளாட்சனுக்கு அடக்க மூச்சே இல்லை.

அப்போதுதான்,
தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து:
"ஏய்! இங்க வா! இங்க வாடா!"
அது வேதவல்லி என்று புரியவே
ஒரு நொடி ஆனது.
அவ்வளவு பெரிய குரல்,
எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாள்?
பேய் திரும்பியது. ஓடியது.

அவள் மைக்கில் கட்டில் கிறீச்சிட்டது.
"யாரும்மா? யாரக் கூப்புடுற?"
"பேயப்பா."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"சரி, லைட்டப் போட்டுக்கோ."
புரண்டு படுக்கும் ஓசை.
அதற்குள் திரையில் அவள் செத்திருந்தாள்.

"டேய், இருக்கீங்களா?"
சுவரைப் பார்த்து நின்ற உடம்பு அசைந்தது.
"வேதா எங்க?"
"செத்துட்டேன்" என்றாள்,
இன்னும் அந்தப் பெரிய குரலிலேயே.
"நல்லாத்தான் இருக்கு."

மணி ஒன்றரை.
ஹெட்செட்டைக் கழற்றினால்
என் வீட்டுத் தாழ்வாரம் ஆறடிதான்.
பாத்ரூம் குழாய் சொட்டுகிறது.
"யாரும் கட் பண்ணாதீங்க, இதோ வந்துடறேன்."
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுந்தேன்.
யாரும் பேசவில்லை, தமீம்கூட.
போய்த் திரும்பும்வரை
பெரம்பூரில் சுற்றத் தொடங்கிய ஃபேன்
கோவிலம்பாக்கத்தில்
கடகடத்துக்கொண்டிருந்தது.