நிரந்தர முகவரி

எங்கள் கல்லூரி
டயர்க் கடைக்கு மேலே, முதல் மாடியில்.
பலகையில் 'கோலேஜ் கொமூனிட்டி'.
ஊர் வாயில் 'டயர்க்கடை காலேஜ்'.
முன்பு அங்கே ஒரு வங்கி இருந்தது.
பகாவ் வளரும் என்று நம்பி வந்தது,
நம்பிக்கை தீர்ந்ததும் போயிற்று.
பெட்டக அறையில் இப்போது எட்டுத் தையல் இயந்திரங்கள்.
கதவு அரை அடி கனம்.
உள்ளே பிள்ளை அழுதால் வெளியே கேட்காது.
(பிள்ளைகளோடு வருகிறார்கள்.
விதியில் இடமில்லை.
நான் பார்ப்பதில்லை.)

பதிவு முகப்பில் உட்கார்ந்திருப்பவள் நான்.
பன்னிரண்டு வருடமாக
மூன்று மொழியில் ஒரே கேள்வி:
பெயர். அடையாள அட்டை எண்.
நிரந்தர முகவரி.

தவமலர் வந்தது ஜூலையில்,
கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டோடு.
செம்பனை முள் கீறிய விரல்கள்
பேனாவை வாங்கி, திருப்பித் தந்தன.
"நீங்களே எழுதுங்க மிஸ்,
என் எழுத்து எனக்கே வெளங்காது."
வயது நாற்பத்தாறு.
படிக்க வந்தது ஏர்கோன் பழுதுபார்ப்பு,
அடிப்படை நிலை, சனி ஞாயிறு.
கட்டணம் முப்பது வெள்ளி,
எல்லாம் ஒற்றை வெள்ளித் தாள், ரப்பர் வளையம் போட்டு.

காரணம் என்ன என்று படிவம் கேட்கிறது.
"மேனேஜர் பங்களாவுல நாலு ஏர்கோன்.
சிரம்பான்லேர்ந்து ஆள் வர்றான்.
அரை மணி நேரம், நானூறு வெள்ளி.
நானூறு வெள்ளிக்கு உதிரிப் பழம் பொறுக்கணும்னா…"
நிறுத்திக்கொண்டாள்.
"ஆர்வம்னு போடுங்க."

சிக்கியது முகவரியில்.
கணினிக்கு அந்தத் தோட்டத்தைத் தெரியவில்லை.
விற்றாயிற்று, பெயரும் மாறியாயிற்று.
புதுப்பெயரில் வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை,
பழைய பெயரில் வீடுகள் இன்னும் இடிக்கப்படவில்லை.
இரண்டுக்கும் நடுவே
பதினேழு குடும்பம்
தண்ணீர் லாரி வரும் நாளை எண்ணிக்கொண்டு.

காலியாக விட்டால் கட்டம் சிவக்கிறது.
ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். சிவப்பு.
வரிசையில் அஃபிக்
கேக் அலங்காரப் படிவத்தோடு
கால் மாற்றி மாற்றி நிற்கிறான்.
கல்லூரியின் முகவரியையே தட்டினேன்.
பச்சை.

ஆகஸ்டு முடிவதற்குள் பதினொரு பேர்
அரசாங்கக் கணக்கில்
டயர்க் கடைக்கு மேலே குடியிருந்தார்கள்.
"என்ன, ஹாஸ்டல் திறந்தாச்சா?"
என்றார் தபால்காரர்.
என் இழுப்பறையில் சேர்ந்தன
மோட்டார் சைக்கிள் சம்மன்,
கண் ஆப்பரேஷன் தேதி,
ஒரு விவாகரத்து நோட்டீஸ்.
அதை மட்டும் ஒரு வாரம்
கொடுக்காமல் வைத்திருந்தேன். தப்புத்தான்.

இதில் வேடிக்கை,
வகுப்பறை ஏர்கோன் மார்ச்சிலேயே செத்திருந்தது.
புத்ராஜெயாவுக்கு நான்கு கடிதம்.
அதுவரை யாரும் தொடக்கூடாது.
குளிரூட்டுவதைப் பற்றிய பாடம்
வியர்வையில் நடந்தது.
ஆசிரியர் ரிட்சுவானுக்கு இருபத்தேழு வயது,
சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்,
தவமலரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை
கதவைத் திறந்தேன். குளிர்.
மேசையில் வருகைத்தாள் படபடத்தது.
பதினொரு பேரும் புத்தகத்தில் கண்ணாக இருந்தார்கள்,
வழக்கத்துக்கு மாறாக.
ரிட்சுவான் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராய்ந்தார்.
தவமலரின் நகக்கண்ணில் கறுப்பு.

"யாரு தொட்டது?"

"நம்ம வீடுதானே மிஸ்," என்றாள்.
"முகவரியப் பாருங்க."

மூன்று வாரம் கழித்து
ஏணியோடு ஒருவர் வந்தார், அனுமதிக் கடிதத்துடன்.
மூடியைத் திறந்தார், மூடினார்.
'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதி
நானூறு வெள்ளிக்கு
என் கையெழுத்தைக் கேட்டார்.

நான் பேனா தேடினேன், கையிலேயே வைத்துக்கொண்டு.
சான்றிதழ் வாங்க வந்திருந்த தவமலர்
குனிந்து
அவர் பையில் எந்தெந்த ஸ்பேனர் இருக்கிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.