ஓர் உறுப்பினர்

போன வருடத்துக் கூட்டக் குறிப்பில்
என் கேள்வி இருக்கிறது, நான் இல்லை.
"தேர்வுக் கட்டணம் ஏன் கூடியது என்று
ஓர் உறுப்பினர் கேட்டார்.
தலைவர் விளக்கினார்."
விளக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால்தான் பொருளாளர் பதவிக்கு நின்றேன்.
வேட்பாளர் அறிக்கையில் இதை எழுதவில்லை.
நூறு சொல் கேட்டார்கள்.
இளம் நில அளவையாளர்கள், தொழிலின் மாண்பு,
வெளிப்படைத்தன்மை என்று
தொண்ணூற்றாறு வரை இழுத்துவிட்டு
மிச்சத்துக்கு
"அனைவருக்கும் என் அன்பான நன்றி"
என்று போட்டு நிரப்பினேன்.

டுலூத் கிளையில் முப்பத்தேழு பேர்.
பாதிப் பேரின் கையெழுத்தை
வரைபடங்களின் மூலையில் அறிவேன்,
முகத்தை அறியேன்.
ஒரு வாரம் போனில் ஓட்டுக் கேட்டேன்.
இதைவிட இடுப்பளவு பனியில்
எல்லை முளையைத் தேடுவது எளிது:
புதைந்த இரும்புக்கு மேல் போனால்
கருவி கீச்சென்று கத்திவிடும்.
மனிதர்கள் "பார்க்கலாம், டோர்டிஸ்" என்கிறார்கள்.
ஹார்லன் மட்டும் "உனக்குத்தான்" என்றார்.
ஹார்லன் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாராம்.

எதிரே நின்றவர் டெல்பர்ட் லாப்ரெய்ரி.
பதினோரு வருடம் முன்பு
ஹெர்மன்டவுனில் ஒரு வேலிச் சண்டை.
அவர் அளவுக்கும் என் அளவுக்கும்
நாலு அங்குலம் இடித்தது.
அவர் அளவுதான் சரி.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை,
பௌலிங் அரங்கின் பின்னறை.
சுவருக்கு அப்பால்
கட்டைகள் சரிந்துகொண்டே இருந்தன.
பதினைந்து பேர் வேண்டும்; பதின்மூன்று பேர்.
"கோரம் இல்லை" என்றார் அர்லீன் புக்கிலா.
ஏரிக் காற்று ஜன்னலை உலுக்கிய உலுக்கில்
கோரத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

டெல்பர்ட் எழுந்து குல்லாயை மாட்டிக்கொண்டு
வெளியே போனார்.
கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன்.
முக்கால் மணி கழித்து
புருவத்தில் பனியோடு வந்தார், பின்னால் மூன்று பேர்.
வண்டி கிளம்பாமல் வீட்டில் கிடந்தவர்கள்.
அதில் இருவர்
எனக்குப் போடுவதாகச் சத்தியம் செய்தவர்கள்.
அது அவருக்கும் தெரியும். சின்ன ஊர்.

ரொட்டிக் கூடையில் விழுந்த சீட்டுகளை
அர்லீன் இருமுறை எண்ணினார்.
அவருக்கு ஒன்பது, எனக்கு ஏழு.
சுற்றி வந்தும் தொடங்கிய புள்ளியில்
சேராத கோட்டைப் போல
அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.
ஹார்லன் வெங்காய வளையத்தை
மிகுந்த கவனத்தோடு தின்றார்.

கை கொடுத்தேன். அவர் கை இன்னும் சில்லிட்டிருந்தது.
"அந்த வேலி," என்றேன்,
"நாலு அங்குலம். நீங்கள்தான் சரி."
"தெரியும்" என்றார் டெல்பர்ட்,
உப்பை எடுத்துத் தாருங்கள் என்பதுபோல.

செயலாளர் பதவிக்கு யாரும் மனுப் போடவில்லை.
"யாராவது?" என்றார் அர்லீன்.
எல்லாருக்கும் திடீரென்று
தங்கள் காலணி சுவாரசியமாகிவிட்டது.
நான் காது சொறியத்தான் கையைத் தூக்கினேன்,
இன்றும் அப்படித்தான் சொல்வேன்.
எண்ணெய்க் கறை படிந்த நோட்டு
மேசைமேல் சறுக்கி என்னிடம் வந்தது.

"பிற விஷயங்கள்" என்றதும்
கதவோரம் இருந்த பெண் எழுந்தாள்.
டிரோனில் அளந்த மணிகள்
பயிற்சிக் கணக்கில் சேருமா என்று கேட்டாள்.
மேலிடத்தில் விசாரிப்பதாக அர்லீன் சொன்னார்.
டிரோனைப் பற்றி ஹார்லன் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்:
ஓர் உறு

"உன் பெயர்?"
தப்புச் செய்தவள் போல விழித்தாள்.
"பா நியா லோர்."
"எழுத்தெழுத்தாகச் சொல்."
சொன்னாள்.
சுவருக்கு அப்பால் பத்துக் கட்டையும் ஒருசேர விழுந்தன,
யாரோ கூவினார்கள்,
மூன்றாவது எழுத்து எனக்குக் கேட்கவில்லை.
"மறுபடி" என்றேன்.