பழைய டிரைவர்

பதினோரு நொடிக்கு ஒருமுறை
எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஒன்று.
ப்ளோவ்டிவில், ஏழாம் மாடி,
கீழே வரிசையாக நிற்கும் கார்களின்மேல் பனி.
ராலிட்ஸா ஹெட்போனைக் கழற்றுகிறாள்,
ஊதித் துடைத்து மறுபடி மாட்டுகிறாள்.
கடுகு.

கைடா என்பது
ஆட்டுத்தோல் பைக்குள் அடைத்துவைத்த மூச்சு.
அதற்கென்று ஒரு கரகரப்பு உண்டு,
கனத்த சுருதி ஒன்று விடாமல் கூடவே வரும்.
அதனால் சந்தேகம் முதலில்
வாசித்தவன்மேல் போனது.

"உன் பை எங்கோ ஒழுகுகிறது" என்று எழுதினாள்.
ஸ்மோலியான் மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் ஸ்தாமென்
பையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தான்.
ஒரு குமிழிகூட வரவில்லை.
இருந்தாலும் சீவாளியை மாற்றி,
ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து
இன்னொரு முறை வாசித்து அனுப்பினான்.
வெடித்தது.
புதுத் தோலே வாங்கினான்,
ஒரு வாரச் சம்பளத்தில் பாதி.
மூன்றாவது பதிவும் வெடித்தது,
அதே பதினோராம் நொடியில்.

வெவ்வேறு நாள், வெவ்வேறு தோல்,
எப்படி ஒரே நொடி?
இதை அவள் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கேபிளை மாற்றினாள்.
ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு (பால் திரிந்தது) கேட்டாள்.
பஃபரை நூற்று இருபத்தெட்டிலிருந்து
ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றினாள்;
குறைந்தது, தீரவில்லை.
வைஃபையை அணைத்தபோது அமைதி,
அல்லது அமைதி என்று நம்ப ஆசைப்பட்டாள்.
இரவு இரண்டரைக்கு
அதே பதிவைப் போனுக்கு அனுப்பிப் போட்டாள்.
சுத்தம்.
அசிங்கமாக இருந்தது அந்தச் சுத்தம்.

டிவைஸ் மேனேஜரின் ஆழத்தில்
சவுண்ட் டிரைவரின் பெயர், பக்கத்தில் ஒரு தேதி:
பிப்ரவரி ஒன்பது.
அவள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ நேரத்தில்
கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.
அவளைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் 'சரி'யைத்தான் அழுத்தியிருப்பாள்.

பழைய டிரைவருக்குத் திரும்பச் சொன்னாள்.
திரை கறுத்தது, யோசித்தது, விழித்தது.
முதல் பதிவைப் போட்டாள்.
பத்து.
பதினொன்று.
இருபத்திரண்டு வரை மூச்சுப் பிடித்திருந்தாள்,
பிறகு எண்ண மறந்துபோனாள்.

மூன்றில் முதலாவதுதான் நல்ல வாசிப்பு.
மூன்றாவதில் தோல் இன்னும் பழகவில்லை,
காற்று முறைத்துக்கொண்டே வருகிறது.
இதை அவனிடம் சொல்லியாக வேண்டும்.

காலை ஆறே முக்கால், முதல் நடைக்கு முன்னால்.
"கண்டுபிடித்துவிட்டேன்."
"யார்மேல் தப்பு?"
"டிரைவர்மேல்."
"ஏறுகிற எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்."

இந்தக் கடைசி இரண்டு வரி தமிழில் மட்டுமே நடக்கும்.
அவர்கள் மொழியில் பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு சொல்,
கணினிக்குள் ஒலியை ஓட்டுவதற்கு வேறொன்று.
சிரிப்புக்காக நான் சேர்த்தேன்.
அவன் உண்மையில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "தோலுக்குப் பாதிப் பணம் நீ கொடு" என்றான்.

முழுப் பணமும் அனுப்பினாள்.

போனை வைக்குமுன் அந்தப் பக்கம்
பேருந்தின் எஞ்சின் இருமிப் பற்றிக்கொண்டது.
பழக்கதோஷம்,
ராலிட்ஸா உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள்:
ஒன்று, இரண்டு, மூன்று